கல்லில் பிறந்த கால், ஓலையில் பிறந்த சுழி

தாம்பரம் ரயில் நிலையத்தில், கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலுக்காகக் காலையில் நிற்பவர் கண்ணில் இரண்டு வகை எழுத்துகள் படுகின்றன. நடைமேடையின் கோடியில் மஞ்சள் பலகையில் கறுப்பாக நிற்கும் ஊர்ப்பெயர் ஒன்று. பக்கத்தில் நிற்பவர் கையில் விரிந்திருக்கும் ஆங்கில நாவலின் பொடி எழுத்து மற்றொன்று. பலகையில் உள்ள ஆங்கில எழுத்துகளில் எல்லாக் கோடுகளும் ஒரே பருமன்; கோடு முடியும் இடத்தில் நறுக்கியதுபோல் நின்றுவிடும். நாவலில் அதே எழுத்துகளைப் பாருங்கள். ஒரு கோடு தடித்திருக்கும், அடுத்தது மெலிந்திருக்கும். நிற்கும் கோட்டின் அடியில் இருபுறமும் நீளும் சின்னஞ்சிறு குறுக்குக்கோடு, எழுத்து தரையில் பாதம் ஊன்றி நிற்பதுபோல் காட்டும்.

அந்தப் பாதத்துக்கு அச்சுக்கலையில் செரிஃப் என்று பெயர். அது உள்ள எழுத்துருக்கள் செரிஃப் வகை. இல்லாதவை சான்ஸ் செரிஃப் வகை. 'சான்ஸ்' என்றால் பிரெஞ்சு மொழியில் 'இல்லாமல்' என்று பொருள். கேள்வித்தாள், விண்ணப்பப் படிவம், வழக்கறிஞர் நோட்டீஸ், கல்லூரி ஆய்வேடு என்று நம் கையில் வந்துபோகும் ஆங்கிலத் தாள்களில் பெரும்பாலானவை டைம்ஸ் நியூ ரோமன் என்ற ஒரே செரிஃப் எழுத்துருவில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாதம் எதற்காக முளைத்தது, பலகையில் அதை ஏன் கழற்றினார்கள், தமிழ் எழுத்துக்கு அப்படி ஓர் உறுப்பு உண்டா என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால், கண் எப்படிப் படிக்கிறது என்பதே அதிலிருந்து விளங்கத் தொடங்கும்.

தூரிகையும் உளியும்

ரோம் நகரில் பேரரசர் டிராஜனின் வெற்றித்தூண் கி.பி. 113-இல் நிறுவப்பட்டது. அதன் பீடத்தில் வெட்டிய எழுத்துகளையே செரிஃபின் தலைசிறந்த மூலமாக அச்சுக்கலைஞர்கள் இன்றும் கருதுகிறார்கள். உளியால் கோட்டை ஒழுங்காக முடிக்கக் கல்தச்சர்கள் போட்ட குறுக்கு வெட்டே செரிஃப் ஆயிற்று என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அமெரிக்கப் பாதிரியாரும் எழுத்தோவியருமான எட்வர்ட் கேட்டிச், செரிஃபின் தோற்றம் குறித்து 1968-இல் ஒரு நூல் வெளியிட்டு அதை மறுத்தார். கல்லில் உளி படுவதற்கு முன்னால் தட்டைத் தூரிகையால் எழுத்தை வரைந்திருக்கிறார்கள்; கோட்டைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தூரிகையைத் திருப்பி எடுத்ததால் விழுந்த வடிவமே செரிஃப்; உளி அதைப் பின்தொடர்ந்தது. இதுதான் அவர் வாதம். தட்டைத் தூரிகையை ஒரே கோணத்தில் பிடித்து வரைந்தால், போகும் திசைக்கேற்பக் கோடு தடிக்கும், மெலியும். அதனால் தடிப்பு-மெலிவும் பாதமும் ஒரே கருவியின் இரண்டு பிள்ளைகள் ஆகின்றன.

தாம்பரத்திலிருந்து நான்காவது நிறுத்தம் திரிசூலம். அங்கே திரிசூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதற்கு முந்தின நிறுத்தமான பல்லாவரத்தில், ஏழாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் அவனுடைய பட்டப்பெயர்கள் பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்டுள்ளன. ரோமானியக் கல்லைப் பார்த்த கண்ணோடு சோழர் கல்வெட்டைப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். வெட்டு ஏறக்குறைய ஒரே அகலத்தில் ஓடுகிறது, பாதமும் இல்லை. அழகு முழுவதும் வளைவிலும் சுழற்சியிலும் இருக்கிறது. இரண்டு நாகரிகங்களும் கல்லில்தான் எழுதின. கல்லுக்கு முன்னால் கையில் இருந்த கருவி வேறு, அன்றாடம் எழுதிய பரப்பு வேறு.

தாளுக்கு இறங்கிய எழுத்து

ரோமானியப் பேரெழுத்தும், துறவிகள் இறகுப் பேனாவால் எழுதிய சிற்றெழுத்தும் சேர்ந்து ஒரே குடும்பமாக ஈய அச்சில் அமைந்தது பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில். வெனிசில் நிக்கோலா ஜென்சன் 1470-இல் வார்த்த ரோமன் எழுத்து அதன் முதல் பெரிய வெற்றி. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் வில்லியம் காஸ்லன் வெட்டிய எழுத்துகள் உறுதியானவை, அடக்கமானவை. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1776-இல் முதன்முதலில் அச்சானது காஸ்லன் எழுத்தில்தான்.

பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் வேறு திசையில் போனார். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலான வேற்றுமையைக் கூட்டினார், பாதங்களைக் கூராக்கினார். மெல்லிய கோடு கரடுமுரடான தாளில் உடைந்துவிடும் என்பதால் வழவழப்பான தாளைத் தருவித்தார், மையின் கறுப்பைக் கூட்டினார், அச்சிட்ட தாளைச் சூடான தகடுகளுக்கு இடையே அழுத்தினார். 1757-இல் அவர் வெளியிட்ட வர்ஜில் பதிப்பு இந்த உழைப்பின் பலன். ஒரு நல்ல எழுத்துருவை அதன் தாளிலிருந்தும் மையிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாஸ்கர்வில்லின் மெல்லிய கோடுகள் கண்ணைக் கெடுத்துவிடும் என்று அன்று சிலர் குற்றம் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஒருவரிடம் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு சோதனை செய்தார். காஸ்லனின் மாதிரித் தாளில் பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, 'இதோ பாஸ்கர்வில் எழுத்து, குறையைக் காட்டுங்கள்' என்று நீட்டினார். வந்தவர் எழுத்து எழுத்தாகக் குறை சொன்னார். அவர் தம் வாழ்நாள் முழுவதும் கண் உறுத்தாமல் படித்துவந்ததும் அதே காஸ்லன் எழுத்துத்தான். பிராங்க்ளின் இதை 1760-இல் பாஸ்கர்வில்லுக்கே கடிதமாக எழுதினார். எழுத்துருவைப் பற்றி நாம் சொல்லும் கருத்தில் கண்ணின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை அன்றே எழுப்பிய சோதனை இது.

டைம்ஸ் நியூ ரோமன் பிறந்தது ஒரு நாளிதழின் தேவையிலிருந்து. லண்டன் 'தி டைம்ஸ்' இதழின் அச்சு மங்கலாகவும் பழசாகவும் இருக்கிறது என்று குறை சொன்ன ஸ்டான்லி மோரிசனிடமே அந்த இதழ் பொறுப்பை ஒப்படைத்தது. மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகரான அவர் வழிகாட்ட, விக்டர் லார்டென்ட் வரைந்தார். 1932 அக்டோபர் 3 அன்று இதழ் புது எழுத்தில் வந்தது. குறுகிய உடலால் ஒரு வரியில் அதிகச் சொற்கள் அடங்கின. சிற்றெழுத்தின் உயரத்தைக் கூட்டியதால் அளவு சிறிதானாலும் தெளிவு குறையவில்லை. பத்தியின் அகலம் குறைவு, செய்தியோ அதிகம் என்ற நெருக்கடிக்கு இது சரியான விடை. பிற்பாடு கணினியோடு இலவசமாக வந்து உலகெங்கும் பரவியது. ஆனால் நாளிதழ்ப் பத்திக்கென ஒடுக்கிய எழுத்தை ஏ-4 தாளின் முழு அகலத்துக்கும் நீட்டி ஓடவிட்டால், ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்கக் கண் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் எழுத்தின் குறை ஆகாது. அதை இடம் மாற்றி வைத்த நம் குறை.

ஓலையில் உருண்ட தமிழ்

தமிழ் எழுத்தின் உடலை வடித்தது எழுத்தாணி. பனை ஓலையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடும். அதே திசையில் எழுத்தாணியை அழுத்தி நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் அபாயம் உண்டு. வளைத்து எழுதினால் ஓலை தாங்கும். புள்ளி வைத்தால் ஓட்டை விழும் என்பதால் பெரும்பாலும் புள்ளி இல்லாமலே எழுதினார்கள். எழுத்தாணியின் முனை கூர்மையானது, எத்திசையில் போனாலும் ஒரே பருமனில் கீறும். ஆகவே ஓலைத் தமிழுக்குத் தடிப்பு-மெலிவு கிடையாது. தொடக்கத்தையும் முடிவையும் அடையாளம் காட்ட அதற்குக் கிடைத்த உறுப்பு சுழி.

நம் மொழி எழுத்தின் உறுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: சுழி, கொம்பு, கால், புள்ளி, விலங்கு. உடலும் உயிருமாக எழுத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. கல்லில் பிறந்த ரோமன் எழுத்து காலில் நிற்கிறது. ஓலையில் பிறந்த நம் எழுத்து சுழியில் தொடங்குகிறது. தகரத்தையும் ககரத்தையும் சகரத்தையும் பிரித்துக் காட்டுவதில், ணகரத்தின் எண்ணிக்கையைக் கணக்கு வைப்பதில், ரோமன் எழுத்தில் எந்தச் செரிஃபும் செய்யாத வேலையை நம் வளைவும் சுழியும் செய்கின்றன. செரிஃபை நீக்கினாலும் ஆங்கில எழுத்து அதே எழுத்தாக இருக்கும். ணகரத்தில் ஒரு சுழியைக் குறைத்தால் அது னகரம் ஆகிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓலைச்சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் பிரித்தறிய முடியாமல் கிடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார வேறுபாட்டுக்கு வரிவடிவம் வகுத்தார். இன்று அச்சில் ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுவது அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சின்னக் கோடு மட்டுமே. அந்தக் கோடு மையில் மூழ்கிவிட்டால் சொல்லே மாறிவிடும்.

ஈயத்தில் கிடைத்த உடல்

தமிழ் அச்செழுத்தின் கதை 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலோடு தொடங்குகிறது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுதான். அந்த முயற்சி நீடிக்கவில்லை. பின்னர் தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். 1713-இல் அச்சு வேலை தொடங்கியது. ஹாலேயில் வார்த்தவை அளவில் பெரியவை. தாளோ கடல் கடந்து வரவேண்டிய அரிய பொருள். அதனால் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். எழுத்து சிறுத்ததற்கு முதல் காரணம் தாள் பஞ்சம்.

சென்னைக்கு அச்சு வந்தது போரினால். ஆங்கிலேயர் 1761-இல் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரியில் பாப்ரீசியஸ் பாதிரியாரிடம் வந்துசேர்ந்தது. இந்தியர்கள் அச்சகம் நடத்தத் தடையாக இருந்த கட்டுப்பாடுகள் 1835-இல் நீங்கியபின் சென்னையில் தமிழ் அச்சகங்கள் பெருகின. அந்தக் காலத்தில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்திய பினியாஸ் ஹண்ட், தமிழ் எழுத்தின் அளவைச் சிறிதாக்கியும் தெளிவு குறையாத எழுத்துகளை உருவாக்கினார். 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் அவர் அச்சகத்திலிருந்துதான் வந்தது. அந்த அகராதியின் ஒரு பக்கத்தைத் திறந்தால், ஆங்கிலச் செரிஃபும் தமிழும் ஒரே வரியில் ஒன்றையொன்று நெருக்காமல் நிற்பதைக் காணலாம். எழுத்தாணி தராத தடிப்பு-மெலிவு பேனாவிலிருந்தும், எஃகில் அச்சு வெட்டிய கைகளிலிருந்தும் தமிழுக்கு வந்தது. நம் செவ்வியல் புத்தக எழுத்து என்று நான் மதிப்பது இதைத்தான்: சுழி ஓலையிலிருந்து, தடிப்பு-மெலிவு தாளிலிருந்து.

இந்த எழுத்துகள் ஈயத்தால் மட்டும் ஆனவை அல்ல. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் மிருதுவானது, நூறு தாள் அழுத்தினால் முனை மழுங்கும். வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய இடுக்குகளுக்குள் நன்றாக ஓடும். ஆன்டிமனி சேர்த்தால் கடினம் கூடும். இன்னொன்றும் நடக்கும்: பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்க, ஆன்டிமனி விரியும். அதனால் கலவை ஆறும்போது சுருக்கம் குறைந்து, சுழியின் முனையும் ரகரத்தின் அடிக்கோடும் அச்சில் வெட்டியபடியே கிடைக்கும்.

இந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்துகள். தமிழில் உயிர் 12, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகார வரிசைகள் 36, உகர ஊகார வரிசைகள் 36. இதிலேயே 120 ஆகிவிட்டது. ஆய்தம், துணைக்கால், கொம்புகள், கிரந்தம், எண், நிறுத்தக்குறி எல்லாம் இதற்கு மேல். தும்பிக்கை தூக்கிய பழைய 'லை', சுழித்து மடங்கிய பழைய 'றா' போன்றவற்றுக்குத் தனித் தனி வார்ப்பு வேண்டும். பெரியார் 1935-இல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஆணையாக்கியபோது இத்தகைய 13 எழுத்துகள் மற்ற வரிசைகளின் ஒழுங்குக்கு வந்தன. குழந்தைக்குக் கற்பது எளிதாயிற்று. எழுத்துப் பெட்டியில் அறைகளும் குறைந்தன.

கண் எப்படிப் படிக்கிறது

வரியின்மேல் கண் சீராக வழுக்கிச் செல்வதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஆங்கிலம் படிப்பவரின் கண் ஒரு தாவலில் சுமார் ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடந்து, கால் வினாடி அளவு நிற்கிறது. நிற்கும்போது மட்டுமே எழுத்தைப் பார்க்கிறது. அப்போதும் விழித்திரையின் நடுவில் விழும் சில எழுத்துகளே துல்லியமாகத் தெரியும். ஓரத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிந்து, அடுத்து எங்கே தாவலாம் என்று வழிகாட்டும்.

ஓரப்பார்வையில் எழுத்தின் அளவைவிட எழுத்துகளுக்கு இடையிலான தூரமே முக்கியம் என்று 1970-இல் நெதர்லாந்து அறிஞர் ஹெர்மன் பௌமா காட்டினார். பக்கத்தில் வேறு வடிவங்கள் நெருக்கினால், தனியாகத் தெரியக்கூடிய எழுத்தும் தெரியாமல் போகும். தமிழுக்கு இது கூடுதல் அக்கறையோடு கவனிக்கவேண்டிய செய்தி. ணகரத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு கிழித்தால் அது நான்கைந்து இடங்களில் எழுத்தை வெட்டும். ஒரே எழுத்துக்குள்ளேயே நெரிசல்! ஆகவே சுழிகளுக்கு உள்ளே போதிய வெளிச்சம் வேண்டும். எழுத்தைத் தடிமனாக்கினால் சுழியின் கண் அடைபடும். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் அடைப்பு இன்னும் விரைவில் வரும். ஒரு கோடு தடித்து அடுத்த கோடு மெலிந்தால் உள்ளே இடம் கிடைக்கும். தடிப்பு-மெலிவு தமிழுக்கு அலங்காரத்தைத் தாண்டிய பயன் உடையது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் செரிஃப் இருந்தால் வேகமாகப் படிக்கலாமா? பாதங்கள் வரிசையாக நின்று கண்ணை வரியோடு அழைத்துச் செல்லும் என்பது பழைய விளக்கம். கண் வழுக்காமல் தாவுகிறது என்று தெரிந்தபின் அந்த விளக்கம் வலுவிழந்தது. வழக்கமான அளவுகளில் செரிஃப் எழுத்துக்கும் செரிஃப் இல்லாத எழுத்துக்கும் படிக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே இதுவரை நடந்த ஆய்வுகள் பலவற்றின் முடிவு. எழுத்தின் அளவு, வரி இடைவெளி, வரியின் நீளம், வாசகரின் பழக்கம் ஆகியவையே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன. பிராங்க்ளின் கிழித்த தாள் சொன்னதும் இதைத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆங்கில வரி ஒன்றின் கீழ்ப்பாதியைத் தாளால் மூடுங்கள், பெரும்பாலும் படித்துவிடலாம். மேல்பாதியை மூடினால் திணறும். ஆங்கிலச் சிற்றெழுத்தின் அடையாளம் பெரிதும் தலையில் இருக்கிறது. இப்போது தமிழ் வரி ஒன்றை எடுங்கள். தலையை மூடினால் புள்ளி போகும், 'கி', 'கீ' வேறுபாடு போகும். அடியை மூடினால் உகர ஊகாரங்களின் வாலும், ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரிக்கும் கோடும் போய்விடும். நம் எழுத்துக்குத் தலையும் வேண்டும், காலும் வேண்டும். எனவே ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது.

பலகைக்கு எது, பக்கத்துக்கு எது

மீண்டும் தாம்பரம் நடைமேடைக்கு வருவோம். டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெலன், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையை வெளியிட்டார்; அதுவும் வின்சுலோ அகராதி வந்த 1862-ஆம் ஆண்டுதான். குறையற்ற கண், ஐந்து கலைக் கோணத்தில் அமையும் எழுத்தை அடையாளம் காணும் என்பது அவர் வகுத்த அளவு. ஒரு கலை என்பது ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. எழுத்தின் ஒரு கோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை. இதன்படி 100 மீட்டரில் தெரிய எழுத்து குறைந்தது 14.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ரயில் அந்த 100 மீட்டரை ஆறே வினாடியில் கடந்துவிடும்.

இனி, பலகையில் 15 சென்டிமீட்டர் உயரச் செரிஃப் எழுத்தை எழுதுவதாக வையுங்கள். மெல்லிய கோடு உயரத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது முக்கால் சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது ஒரு கலைக் கோணத்துக்குள் சுருங்கும் தூரம் சுமார் 26 மீட்டர். அதற்கு அப்பாலிருந்து தடித்த கோடு மட்டும் தெரியும். மெல்லிய கோடும் பாதமும் மங்கி மறையும். எழுத்து துண்டு துண்டாக நிற்கும். ரயில் பலகையிலும் ஜி.எஸ்.டி. சாலையின் வழிகாட்டிப் பலகையிலும் ஒரே பருமனுள்ள, பாதமற்ற எழுத்து இருப்பதற்குக் காரணம் இதுவே. தமிழில் கோடுகள் நெருக்கம் என்பதால் அதே தூரத்துக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். பல இடங்களில் இரண்டையும் ஒரே உயரத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்போது தமிழ் வாசகர் இன்னும் கிட்டே போய்த்தான் படிக்கவேண்டியிருக்கிறது.

புத்தகத்தில் கணக்கு வேறு. 40 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கலைக் கோணம் என்பது சுமார் 0.12 மில்லிமீட்டர். பத்துப் பாயிண்ட் எழுத்தின் மெல்லிய கோடு இந்த எல்லைக்கு அருகில் நிற்கிறது. தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்த மென்மையே பக்கத்துக்கு ஒரு சீரான சாம்பல் நிறத்தைத் தருகிறது. மணிக்கணக்கில் படிக்கும் கதைக்கும் கட்டுரைக்கும் உரைநூலுக்கும் அது ஏற்றது.

பயன்பாட்டில் தமிழுக்கென்று மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, தமிழும் ஆங்கிலமும் ஒரே பாயிண்ட் அளவில் இருந்தாலும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. இரண்டையும் அச்சிட்டுப் பார்த்து ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சமன் செய்யவேண்டும். இரண்டாவது, தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று நீளுபவை. குறுகிய பத்தியில் இருபுற ஓரத்தையும் நேராக்கினால் சொற்களுக்கு இடையே ஓட்டைகள் விழும்; பத்தியை அகலமாக்குங்கள், இல்லையேல் வலது ஓரத்தை அதன் போக்கில் விடுங்கள். மூன்றாவது, சாய்வெழுத்து. இத்தாலிய எழுத்து மரபில் அது தனி வடிவம். தமிழ் எழுத்தைக் கணினியில் வெறுமனே சாய்த்தால் சுழிகள் நசுங்கும். தமிழில் அழுத்தம் தரத் தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ போதும்.

திரைக்கு வந்தபின்

கணினித் திரையில் தொடக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு நூறு புள்ளிகள்கூட இல்லை. அதில் தடிப்பும் மெலிவும் காட்ட இடமே கிடையாது. மெல்லிய கோடு ஒரு புள்ளி, தடித்த கோடு இரண்டு புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை. இந்தத் தடையை ஏற்றுக்கொண்டே மேத்யூ கார்ட்டர் திரைக்கென ஜார்ஜியா என்ற செரிஃபை வடித்தார்; அது 1996-இல் வெளிவந்தது. தமிழில் விண்டோஸோடு வந்த லதா எழுத்துரு ஒரே பருமனுள்ள கோடுகளால் ஆனது. அன்றைய திரைக்கு அது பொருத்தம். துயரம் என்னவென்றால், திரைக்கு வந்த அந்த வடிவமே புத்தகத்துக்கும் அழைப்பிதழுக்கும் கல்வெட்டுக்கும்கூடப் போய் உட்கார்ந்துகொண்டது. ஈய அச்சில் நூறாண்டு முயன்று பெற்ற தடிப்பு-மெலிவு, கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. காலத்தில் பல பக்கங்களிலிருந்து ஓசையில்லாமல் வெளியேறியது.

இன்று அந்தத் தடை இல்லை. கைப்பேசித் திரையில் அங்குலத்துக்கு முந்நூறு, நானூறு புள்ளிகள் இருக்கின்றன. 1991-இல் தொடங்கிய யூனிகோட் முறையால் எழுத்துருவை மாற்றினாலும் உரை சிதைவதில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் போன்ற புத்தக எழுத்துருக்கள் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் கிடைக்கின்றன. ரோமன் எழுத்தின் பாதத்தைத் தமிழுக்கு ஒட்டுப்போடாமல், தடிப்பு-மெலிவையும் கோட்டு முனையின் வளைவையும் கொண்டு புத்தகத் தன்மையைத் தருபவையே தமிழில் நல்ல செரிஃப் எழுத்துருக்கள். கால் இல்லாத எழுத்துக்குக் கால் ஒட்டினால் துணைக்காலா, அலங்காரமா என்று கண் குழம்பும்.

தரமணிக்கு ஒரு நாள்

தென்சென்னையில் வாழ்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். எழுத்தாணி கீறிய சுழியையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈயம் பதித்த அதே சுழியையும் அடுத்தடுத்துப் பார்த்த கண், அதன்பின் எந்தத் தமிழ்ப் பக்கத்தையும் பழையபடி பார்க்காது. எழுத்துரு வடிக்க விரும்பும் மாணவர்கள் முதலில் போகவேண்டிய பள்ளிக்கூடம் அதுதான்.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளுக்கும் அட்டைக்கும் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கை எழுத்துக்குக் கொடுங்கள். திரைக்கென வடித்ததைப் புத்தகத்தில் போடாதீர்கள். வரிகளுக்கு இடையே காற்று விடுங்கள். நூலின் பெயர்ப்பக்கத்தின் பின்புறம், அச்சிட்டவர் பெயருக்குப் பக்கத்தில் எழுத்துருவின் பெயரையும் அதை வடித்தவர் பெயரையும் போடுங்கள். வாசகர்களே, அடுத்த முறை ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, அரை நிமிடம் படித்துப் பாருங்கள். சுழிகளின் கண் திறந்திருக்கிறதா, ரகரத்தின் கால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பதிப்பாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.